டப்லெட் வாங்க முன்னர் ஒரு ஸ்கெட்ச் கொப்பி வாங்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் சென்ற வாரக் கல்வி மலரில் அனிமேஷன் படிப்பைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. சந்தோஷம். மருத்துவம், பொறியியல், கணக்கியல் தவிர வேறு படிப்புகளின் பெயர் எங்கள் பத்திரிகைகளில் அச்சேறுவதே அபூர்வம். ஆனால் கட்டுரை முழுக்க மென்பொருள்களின் பெயர்கள், எவ்வளவு நினைவகம் உள்ள கணினி வேண்டும், கணினியில் படம் வரைய எந்த அளவு டப்லெட் நல்லது என்பவைதான். ஓவியத் தொகுப்பு ஒன்றும் அனுப்ப வேண்டும் என்று கடைசியில் ஒரே ஒரு வரி. வாசித்த அன்றைக்கே எனக்குத் தங்கை முறையான ஒருத்தி போன் எடுத்து, "அக்கா, இரண்டாயிரம் டொலருக்கு ஒரு டப்லெட் சொல்லுகினம், வாங்கட்டோ?" என்று கேட்டாள். அவளுடைய மகன் 10ஆம் வகுப்பு. அவனிடம் உருப்படியான பென்சில்கூட இல்லை.

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளம் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். உயிருள்ள மனிதரை நேரே பார்த்து வரைகிற லைஃப் டிரோயிங் பற்றி எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

நான் வடமராட்சியில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பித்தவள். இங்கே கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. மூத்த மகள் ஓக்வில்லில் உள்ள ஷெரிடன் கல்லூரியில் அனிமேஷன் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவள் சேர்ந்த பிறகு, தெரிந்தவர்களின் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் குசினி மேசைக்கு வந்து வரைகிறார்கள். இது ரியூசன் இல்லை, காசும் வாங்குவதில்லை. தேத்தண்ணியும் மிக்சரும் என் செலவு, கடதாசி அவர்கள் செலவு.

ஷெரிடனைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே 1968இல் அனிமேஷன் படிப்பிக்கத் தொடங்கினார்கள். இப்போது அது நான்கு வருடப் பட்டப்படிப்பு. உலகத்தில் எந்தப் பெரிய ஸ்டூடியோவை எடுத்தாலும் அங்கே படித்த யாரோ ஒருவர் இருப்பார். "சீனத்துப் பிள்ளைகளுக்கு உது சரிவரும், எங்கட பிள்ளைகளுக்குச் சரிவருமோ" என்று கேட்கிற அம்மாமாருக்காக இன்னொன்று. டோமி ஷி என்ற பெண் சீனாவில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்தவர், ரொறன்ரோவில் வளர்ந்தவர். ஷெரிடனில் படித்து 2011இல் வெளியே வந்தார். பிறகு பிக்சார் என்ற அனிமேஷன் ஸ்டூடியோவில் குறும்படம் ஒன்றை இயக்கிய முதல் பெண் ஆனார். அதற்கு 2019இல் ஒஸ்காரும் கிடைத்தது. கதை என்ன? புலம்பெயர்ந்து வந்த ஒரு தாயும், அவள் குசினியில் அவிக்கிற சாப்பாடும், வீட்டை விட்டுப் போகிற பிள்ளையும். இதில் எங்களுக்குத் தெரியாதது எது?

சரி, அந்த ஓவியத் தொகுப்புக்கு, அதாவது போர்ட்ஃபோலியோவுக்கு வருகிறேன். என்ன என்ன வரைந்து அனுப்ப வேண்டும் என்ற பட்டியலைக் கல்லூரி தன் இணையத்தளத்தில் போடும். அதில் வருடத்துக்கு வருடம் மாற்றம் வரும். ஆகவே அக்கா அன்றைக்கு வரைந்ததைப் பார்த்துத் தம்பி இன்றைக்கு வரையக் கூடாது. ஆனாலும் நான் பார்த்த அளவில் அடிப்படை ஒன்றுதான். உயிருள்ள மனிதரை நேரே பார்த்து வரைந்த படங்கள், கைகள், ஓர் அறை, கையில் எடுக்கக்கூடிய பொருள்கள் என்று ஒரு பங்கு. ஒரு கதாபாத்திரத்தை எல்லாப் பக்கத்தாலும் திருப்பிக் காட்டுவது, அது ஓடுவதை, பாரம் தூக்குவதைக் காட்டுவது, அதன் முகபாவங்கள், ஒரு சின்னக் கதையைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் ஸ்டோரிபோர்ட் என்று இன்னொரு பங்கு. அப்புறம் பிள்ளை தன் விருப்பத்துக்கு வரைந்தவை. இதில் ஒன்றுக்கும் மென்பொருள் தெரிந்திருக்கத் தேவையில்லை. அதை அவர்களே படிப்பிப்பார்கள். வோல்ட் டிஸ்னி முன்னின்று தொடக்கிய கலிஃபோர்னியாவின் கல்ஆர்ட்ஸ் என்ற கலைக் கல்லூரியிலும் பார்த்து வரைந்த படங்களையும் ஸ்கெட்ச் கொப்பியையும்தான் கேட்கிறார்கள்.

எங்கள் மேசைக்கு முதல்முறை வருகிற பிள்ளைகள் தங்கள் படங்களைக் காட்டும்போது நான் முதலில் கைகளைத் தேடுவேன். அநேகமாக இருக்காது. ஜப்பானிய அனிமே பாணியில் ஒரு பெண் நிற்பாள், முகம் எப்போதும் முக்கால் பக்கமாக ஒரே திசையில் திரும்பியிருக்கும், தலைமயிர் ஒவ்வொரு இழையாக அழகாக இருக்கும், இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். ஆண் என்றால் கைகள் கால்சட்டைப் பைக்குள். அனிமே வரைவதை நான் குறை சொல்லவில்லை. அதை வரைந்து வரைந்துதான் என் மகளுக்கே பென்சில் பிடிபட்டது. ஆனால் பிள்ளை எதை ஒளிக்கிறதோ அதைத்தான் கல்லூரி கேட்கிறது. கை வரைய வராது என்று தெரிந்துதான் கையைத் தனியாகக் கேட்கிறார்கள்.

கை வரைவது இலவசம். மொடல் எப்போதும் கூடவே இருக்கிறது. இடக்கையை மேசையில் வைத்து வலக்கையால் வரையலாம், ஒரு மூடியைத் திறப்பதை, வெங்காயம் பிடிப்பதை வரையலாம். உள்ளங்கையை முதலில் ஒரு தடித்த பெட்டியாகப் பார்க்க வேண்டும். விரல் மூட்டுகள் நேர்கோட்டில் வராது, ஒரு வளைவில் வரும். பெருவிரல் வேறு திசையைப் பார்க்கும். கை விரித்திருக்கும்போது விரல்களுக்கு நடுவில் தெரிகிற வெளியின் உருவத்தையும் வரைந்து பார்க்கச் சொல்வேன். நிழல் போட வேண்டாம், கோடு மட்டும் என்பேன். நிழல் போட்டால் பிழையை மறைத்துவிடலாம், கோடு மறைக்க விடாது. அம்மம்மாவின் கை கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த நரம்பும் சுருக்கமும் எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது.

அடுத்ததுதான் வெட்ட வேண்டாம் என்று கேட்ட பகுதி.

லைஃப் டிரோயிங் என்றால் மொடல் ஒருவர் மேடையில் நிற்பார், சுற்றிவர இருந்து வரைவார்கள். மொடல் பெரும்பாலும் உடுப்பில்லாமல் இருப்பார். இதைக் கேட்டதும் எங்கள் பெற்றோரில் பாதிப் பேர் அந்த இடத்திலேயே விண்ணப்பத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து, நன்றாக வரையக்கூடிய ஒரு பிள்ளை இந்த ஒரே காரணத்தால் இப்போது கணக்கியல் படிக்கிறது. கணக்கியல் கெட்ட படிப்பில்லை. அந்தப் பிள்ளைக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

மகளோடு முதல் தடவை நானும் போனேன். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை விடுவதற்குப் பெற்றோர் கையெழுத்துக் கேட்டார்கள். கையெழுத்து வைத்துவிட்டு, சும்மா இருப்பானேன் என்று நானும் ஒரு பலகையும் கடதாசியும் வாங்கி இருந்தேன். அன்றைக்கு மொடல் என் வயதுப் பெண். வயிற்றில் சத்திரசிகிச்சைத் தழும்பு. முதலில் முப்பது வினாடிக்கு ஒரு நிலை, பிறகு ஒரு நிமிடம், பிறகு இரண்டு, ஐந்து, கடைசியில் நீண்ட நேரம் ஒரே நிலை. முப்பது வினாடியில் வெட்கப்படக்கூட நேரமில்லை. பாரம் எந்தக் காலில் நிற்கிறது, அந்தப் பக்கம் இடுப்பு எவ்வளவு உயர்ந்திருக்கிறது, அதற்கு எதிராகத் தோள் எப்படிச் சரிந்திருக்கிறது, தலையிலிருந்து குதிவரை உடம்பு எந்த வளைவில் போகிறது, இதைப் பிடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அடுத்த நிலை. அறையில் பென்சில் உரசுகிற சத்தம் மட்டும்தான். பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர், அங்கால் பக்கம் ஹிஜாப் போட்ட ஒரு மாணவி. எல்லோரும் இடுப்பெலும்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஊரில் சித்திரம் படிப்பித்த காலத்தில் மேசைமேல் மண்பானை, பூசணிக்காய், மடித்த துணி வைத்து வரையப் பழக்கினேன். மனித உருவம் என்றால் நாற்றுநடும் பெண்கள், மீன் விற்பவர், கோயில் திருவிழா, எல்லாம் நினைவிலிருந்து. சேலைக்குள் கால் எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அனிமேஷனில் அந்தக் கால் இல்லாமல் கதாபாத்திரம் நடக்காது. இருபத்துநான்கு படம் ஓடினால்தான் ஒரு வினாடி. ஒரு படத்தில் பாரம் எங்கே என்று தெரியாதவர் மற்ற இருபத்துமூன்றையும் எப்படி வரைவார்?

இன்னும் மனம் ஒப்பாத பெற்றோருக்கு ஒரு வழி சொல்கிறேன். உடம்போடு ஒட்டிய உடுப்புப் போட்ட மொடலை வைத்து நடக்கும் வகுப்புகளும் உண்டு. நடனம் ஆடுகிற ஒன்றுவிட்ட அக்காவை லெக்கிங்ஸ் போடச் சொல்லி, வீட்டில் நிறுத்திவைத்தும் பழகலாம். கல்லூரியின் அந்த வருடப் பட்டியலில் மொடல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டு முடிவெடுங்கள். ஒன்று மட்டும் கூடாது: போனில் படம் எடுத்து அதைப் பார்த்து வரைவது. ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்தது மதிப்பிடுகிறவர்களின் கண்ணில் உடனே படும். ஒற்றைக் கண்ணால் பார்த்த தட்டை உருவமாக அது வந்து விழும்.

வகுப்புக்குப் போக முடியாத நாள்களுக்கு பஸ் இருக்கிறது. லோரன்ஸ் ஈஸ்ட் 54ஆம் இலக்க பஸ்ஸில் காலையில் ஏறினால் அரைவாசிப் பேர் நித்திரை. அசையாத மொடல்கள். நாங்கள் பார்ப்பது தெரிந்தவுடன் முழித்துக்கொள்வார்கள், அதனால் கை தானாக வேகமாகும். கலைக்கூடமான ஏஜிஓவுக்கு இருபத்தைந்து வயது வரை நுழைவுக் கட்டணம் இல்லை. பொது நூலக அட்டை வைத்திருந்தால் அரும்பொருட்காட்சியகத்துக்கும் மிருகக்காட்சிச் சாலைக்கும் குடும்ப அனுமதி எடுக்கலாம். ரோயல் ஒன்ராறியோ அரும்பொருட்காட்சியகத்தில் டைனோசர் எலும்புக்கூட்டுக்கு முன்னால் ஒரு பின்னேரம் இருந்து வரைந்த பிள்ளைக்கு, வீட்டு நாயின் பின்னங்கால் ஏன் அப்படி மடிகிறது என்று நான் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை.

அறை வரைவதைப் பற்றிச் சுருக்கமாக. மகள் வரைந்தது எங்கள் பேஸ்மென்றை. படிக்கட்டு, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம், கூரையோடு ஓடும் குழாய்கள், மூலையில் பத்துக்கிலோ அரிசிப் பைகள், சாமிப்படம். கண் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, தூரப் போகிற கோடுகள் எல்லாம் எந்தப் புள்ளியில் போய்ச் சேருகின்றன என்று பார்த்து வரைய வேண்டும். அதற்கு வெறும் சுவர் உள்ள சுத்தமான அறையைவிடச் சாமான் நிறைந்த பேஸ்மென்ற் எவ்வளவோ மேல். "உதைப் போய் அனுப்புறதே, வரவேற்பறையை வரையன்" என்று அவளுடைய அப்பா சொன்னார். நல்லவேளை, அவள் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் சங்கங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் சித்திரப் போட்டி வைக்கின்றன. நான் சிலவற்றுக்கு நடுவராகப் போயிருக்கிறேன். தலைப்பு பெரும்பாலும் 'எங்கள் ஊர்'. ஊரையே பார்த்திராத பிள்ளைகள் வரைகிறார்கள்: ஒரு குடிசை, ஒரு கிணறு, இரண்டு வாழை, பின்னால் இரண்டு மலை, மலைகளுக்கு நடுவே சூரியன். யாழ்ப்பாணத்தில் ஏது மலை? கீரிமலை என்று பெயரில் மட்டும் ஒன்று இருக்கிறது, அதுவும் கடற்கரை. இந்தப் படத்தை யாரோ எப்போதோ வரைந்தார்கள், ரீச்சர்மார் சரி போட்டார்கள், அது கப்பலேறாமல் விமானமேறிக் கனடாவுக்கும் வந்துவிட்டது. முதல் பரிசும் அதற்குத்தான் போகிறது, ஏனென்றால் கோட்டுக்கு வெளியே நிறம் போகவில்லை. அதே போட்டியில் ஒரு சின்னப் பெடியன், தன் அப்பா 401 நெடுஞ்சாலையில் ஓட்டுகிற லொறியின் உட்பக்கத்தை வரைந்திருந்தான். ஸ்டீயரிங், தொங்குகிற எலுமிச்சம்பழம், கோப்பிக் கோப்பை, பக்கக் கண்ணாடியில் சின்னதாக ஒரு கார். ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. மற்ற நடுவர்களோடு நான் வாதாடியதால் கொஞ்சம் மனக்கசப்பும் வந்தது. அந்தப் பெடியனிடம்தான் போர்ட்ஃபோலியோ இருக்கிறது, ஐயா.

இனி உங்கள் மலரின் கடைசிப் பக்க விளம்பரம். 'அனிமேஷன் கல்லூரி அனுமதி உறுதி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். எந்த வகுப்பாலும் அனுமதியை உறுதி சொல்ல முடியாது. அந்த விளம்பரக்காரரை எனக்குத் தெரியாது, அதனால் அவரைப் பற்றிப் பேசவில்லை. மகள் போய்வந்த வேறொரு வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கட்டணம் எங்கள் வீட்டு ஒரு மாத வாடகையைவிடக் கூட. அங்கே ஆசிரியர் பிள்ளைகளின் படங்களில் தானே கோடு போட்டுத் திருத்துவார். முழங்காலை அழித்துத் தன் முழங்காலை வைப்பார். வருட முடிவில் அந்த வகுப்புப் பிள்ளைகளின் கதாபாத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரே உரலில் பிழிந்த இடியப்பமாக இருந்தது. அதே மூக்கு, அதே இடுப்பு வளைவு, அதே முகபாவம். மதிப்பிடுகிறவர்கள் நூற்றுக்கணக்கான போர்ட்ஃபோலியோக்களை அடுத்தடுத்துப் பார்க்கிறவர்கள். அவர்களுக்கு இது தெரியாமல் போகுமா? மகள் இடையிலேயே நின்றுவிட்டாள். கட்டின காசைத் திருப்பித் தரவில்லை.

எல்லா வகுப்புகளும் அப்படி என்று சொல்ல மாட்டேன். சேர்க்க முன்னர் ஒரு நாள் உள்ளே இருந்து பார்க்கக் கேளுங்கள். ஆசிரியர் பிள்ளையின் தாளில் கை வைக்கிறாரா, அல்லது பக்கத்தில் வேறு தாளில் வரைந்து காட்டுகிறாரா என்று கவனியுங்கள். மொடல் வருவாரா, மாதத்துக்கு எத்தனை தடவை என்று கேளுங்கள். மொடலே இல்லாத போர்ட்ஃபோலியோ வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட, மொடல் மட்டும் உள்ள ஆசிரியரே இல்லாத அறைக்குக் கட்டலாம்.

கதாபாத்திரத்தைத் திருப்பிக் காட்டுவது பற்றிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். முன்பக்கம், முன் முக்கால், பக்கவாட்டு, பின் முக்கால், பின்பக்கம் என்று ஐந்து நிலை வைப்பது வழக்கம். உச்சந்தலை, கண், தோள், இடுப்பு, முழங்கால் வழியாகத் தாளின் குறுக்கே மெல்லிய கோடுகள் இழுத்துக்கொண்டால் உயரம் பிசகாது. பிசகுவது பருமன்தான். முன்னால் மெலிந்தவள் பக்கவாட்டில் தடித்துவிடுவாள், கொண்டை ஒரு படத்தில் தேங்காயளவு, அடுத்ததில் எலுமிச்சையளவு. ரொட்டி மாவில் அந்தத் தலையை உருட்டி வைத்து, கொண்டையை ஒட்டி, மேசையில் திருப்பித் திருப்பிப் பார்த்து வரையச் சொன்னேன். உடனே சரிவந்தது. அசைவுப் படங்களுக்கு இன்னொரு சோதனை: உருவம் முழுக்கக் கறுப்பு அடித்துவிட்டு, என்ன செய்கிறாள் என்று தம்பியிடம் கேட்க வேண்டும். "ஏதோ நிக்கிறாள்" என்றால் திரும்ப வரைய வேண்டும். ஸ்டோரிபோர்ட்டுக்கும் தம்பிதான் நடுவர். வசனம் வாசிக்காமல் கதை விளங்கினால் போதும். பிள்ளைகள் அங்கே வெடிகுண்டும் பறக்கும் வாளும் வைக்கப் பார்ப்பார்கள். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்ட ஒருவனின் கதை போதும்.

காலக் கணக்கு முக்கியம். ஒன்ராறியோக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிற நாள் பெப்ரவரித் தொடக்கத்தில் வரும், போர்ட்ஃபோலியோவும் அதை ஒட்டித்தான். அதற்குச் சற்று முன்தான் 12ஆம் வகுப்பின் அரையாண்டு முடிவுப் பரீட்சைகள். நடுவில் நத்தார், தைப்பொங்கல், மார்கழியில் எப்படியும் இரண்டு பிறந்தநாள் விழாக்கள். தை மாதத்தில் தொடங்குகிற பிள்ளை இரவு முழுக்க முழித்திருந்து எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் அவசரமாக வரைந்து தள்ளும். 10ஆம் வகுப்பிலேயே ஒரு ஸ்கெட்ச் கொப்பி கையில் இருக்கட்டும், கிழிக்கக் கூடாது என்ற ஒரே சட்டத்தோடு. மோசமான பக்கங்களும் அதில் இருக்க வேண்டும். மகளின் கொப்பியில் 54ஆம் இலக்க பஸ் பக்கங்களில் காப்பிக் கறையும் இருந்தது. அப்படியே ஸ்கான் செய்து அனுப்பினாள்.

ஸ்கான் என்றதும் ஞாபகம் வருகிறது. பெரிய தாள்களைப் போனில் படம் எடுக்கும்போது மஞ்சள் விளக்கின் கீழே எடுக்காதீர்கள். யன்னலுக்குப் பக்கத்தில், பகலில், தாளைச் சுவரில் ஒட்டி, போனை அதற்கு நேர் எதிரே பிடித்து எடுக்க வேண்டும். கரித்துண்டால் வரைந்த நல்ல படம் சாம்பல் நிறத்தில் சரிந்து போவதைப் பார்க்க வயிறு எரியும்.

முதல் தடவை கிடைக்காமலும் போகலாம். மகளின் வகுப்பில் பலர் இரண்டாம் தடவை வந்தவர்கள். ஒரு வருட அடிப்படை ஓவியப் படிப்பைச் செய்துவிட்டுத் திரும்ப விண்ணப்பித்தவர்களும் உண்டு, செனக்கா போன்ற வேறு கல்லூரியில் டிப்ளோமா எடுத்துக்கொண்டு நேரே வேலைக்குப் போனவர்களும் உண்டு. எங்கள் சமூகத்தில் ஒரு வருடம் போனால் பிள்ளையே போய்விட்டதாகக் கதைப்பார்கள். மாமிமாருக்கு என்ன பதில் சொல்வது என்று பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள்.

வேலை கிடைக்குமா என்று கேட்டால், உறுதி இல்லை என்றுதான் சொல்வேன். ஸ்டூடியோ வேலை பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான், ஒரு தொடர் முடிந்தால் அடுத்தது தேட வேண்டும். கடந்த சில வருடங்களாக வேலைநீக்கச் செய்திகளும் வருகின்றன. கணினியிடம் சொன்னால் படம் போட்டுத் தருகிறதே, பிறகு ஏன் பிள்ளை கஷ்டப்பட வேண்டும் என்று என் வேலையிடத்திலும் கேட்டார்கள். நான் மகளிடம் கேட்டேன். அது தந்த படத்தில் கை எங்கே பிழை என்று கண்டுபிடிக்கவும் ஒருவருக்குக் கை வரையத் தெரிய வேண்டுமே என்றாள். அந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் பதினேழு வயதில் மற்றப் படிப்புகளுக்கு மட்டும் யார் உறுதி தந்தார்கள்? மாணவர் உதவிப் பணத்துக்கு மற்றப் பட்டப்படிப்புகளைப்போலவே இதற்கும் விண்ணப்பிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியவில்லை.

கடைசியாக உங்களிடம் இரண்டு கோரிக்கை. 'அனுமதி உறுதி' என்று வருகிற விளம்பரங்களில் அந்த இரண்டாவது சொல்லை எடுக்கச் சொல்லுங்கள், காசு குறைந்தாலும் பரவாயில்லை. அடுத்த கல்வி மலரை மாசியில் போடாமல் புரட்டாதியில் போடுங்கள். மாசியில் வாசித்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

சங்கக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வருகிற கோடைப் போட்டியில் 'எங்கள் ஊர்' வேண்டாம். மேசையில் ஒரு பூசணிக்காய், பக்கத்தில் ஒரு மடக்குக் கதிரை, கதிரையில் ஒரு தாத்தாவை இருத்திவிட்டுப் பிள்ளைகளைச் சுற்றிவர இருக்கச் சொல்லுங்கள். நடுவராக நான் வருகிறேன். மனக்கசப்பு இருந்த சங்கமென்றாலும் வருவேன். பூசணிக்காயையும் நானே கொண்டுவருவேன், போட்டி முடிந்ததும் அதைத் திருப்பித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
முன்னாள் சித்திர ஆசிரியை ஒருவர்,
ஸ்காபரோ